கவிழ்த்த கூடைகளும் ஓர் எக்ஸ்பிரஸ் இன்ஜினும்

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனம் போக வேண்டும். போகிற பஸ்ஸும் பெருமுக்கலில் நின்று, ஆள் ஏற்றி, டிரைவர் டீ குடித்து முடித்த பிறகுதான் கிளம்பும். அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு நான் சில வருடங்களாக ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலாகப் பிழைத்து வந்தேன்.

விளக்கிவிடுகிறேன். குழந்தைகளுக்கான ஒரு கார்ட்டூன் தொடர் டிவியில் வருகிறது. அதில் ரயில் இன்ஜின்களுக்கு முகம் உண்டு, வாய் உண்டு, வாய்க்கொழுப்பும் உண்டு. இருப்பதிலேயே பெரியது ஒரு நீராவி எக்ஸ்பிரஸ் இன்ஜின். தலைக்கனம் பிடித்தது. தான் பிறந்ததே வேகத்துக்காக என்று அதற்கு நினைப்பு. பின்னாலிருந்து அதைக் கிண்டல் செய்யும் சரக்கு வண்டிகளை இழுக்கச் சொன்னால் மானம் போய்விடும். அதன் தமிழ்க் குரல் நான். டப்பிங்குக்குக் கூப்பிட்டால் ஈசிஆரில் பஸ் பிடித்து, பெரும்பாலும் நின்றுகொண்டே சென்னை போய், “என் வேகத்துக்கு ஈடு எவன்?” என்று முழங்கிவிட்டு, மறுபடியும் நின்றுகொண்டே ஊர் திரும்புவேன்.

ஒரு காலத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. என்னால்தான் நின்றன என்று சொல்லுமளவுக்கு எனக்குத் தலைக்கனம் இல்லை. மிச்சம் இருந்தது இந்த இன்ஜின்தான். ஒருமுறை குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் சோப்பு கேட்டேன். கடைக்காரரின் சின்ன மகள் என் குரலைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து இறங்கி நேராக நின்றாள். நான் படித்ததும் எழுதியதும் அதுவரை யாரையும் அப்படி நிற்க வைத்ததில்லை.

அதனால்தான் அன்று காலை டப்பிங் ஸ்டூடியோவிலிருந்து வந்த போன் என்னை உட்காரவிடவில்லை.

“சார், புது சீசன். மும்பைல எல்லா வாய்ஸும் மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. சீன் அனுப்பறேன். போன்லயே ரெக்கார்ட் பண்ணி சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. பின்னாடி சத்தம் எதுவும் வரக்கூடாது.”

“நான்தானேம்மா அந்த இன்ஜினு?”

“தெரியும் சார். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு வேலையில் நீடித்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

சத்தமில்லாத இடம் தேடிக் கிளம்பினேன். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னதற்கு என் மனைவி, “நீங்க கத்தறதுக்காக நான் மாவ பாதில வுடணுமா?” என்றாள். படுக்கையறைக்குப் போனால் ஜன்னலுக்குக் கீழேயே பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்தது. மொட்டை மாடிக்குப் போனேன்; சர்ச்சில் மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள். கடற்கரையில் காற்று, நான் பேசுவதற்கு முன்பே எனக்குப் பதில் சொன்னது. மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி செருப்பை மாட்டினேன். அண்ணனின் உப்புக் கிடங்கு நினைவுக்கு வந்திருந்தது.

அண்ணன் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். அன்று வெளியூர் போயிருந்தார். கிடங்குக்குள் தகரக் கூரையைத் தொடுமளவுக்கு உப்பு குவிந்து கிடந்தது. உப்புக் குவியல் சத்தத்தைக் குடித்துவிடும். உள்ளே கைதட்டினால் பஞ்சில் தட்டியது போல இருக்கும். சென்னை ஸ்டூடியோவில்கூட இப்படி ஓர் அமைதி கிடையாது.

ஒரே தொல்லை, வெளியே லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் வெளிக் குவியலிலிருந்து கூடையில் உப்பை அள்ளித் தலையில் வைத்து, பலகை மேல் ஏறி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்ச நேரம் பேசாம இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போனை ஒரு மூட்டை மேல் நிறுத்தி, ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். நடந்தால்தான் எனக்குக் குரல் வரும். நடந்தால் உப்பு செருப்புக்கடியில் நறநறத்தது. செருப்பைக் கழற்றினேன். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறியது. அந்த எரிச்சல் இன்ஜினுக்கு உதவும் என்று விட்டுவிட்டேன்.

“சரக்கு சுமப்பதா? நானா?” என்று கர்ஜித்தேன். “அது அற்பர்களின் வேலை! அழுக்குப் பிடித்தவர்களே, என் பின்னால் வராதீர்கள். நாற்றம் தாங்கவில்லை! வாயை மூடிக்கொண்டு போங்கள்!”

அருமையாக வந்தது. வெளியே நல்ல அமைதி. என் வேண்டுகோளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து, அதே வசனத்தை இன்னும் கொஞ்சம் ஆணவம் சேர்த்து இரண்டாம் முறையும் சொன்னேன்.

கதவைத் திறந்தால் கூடைகளெல்லாம் தரையில் கவிழ்ந்து கிடந்தன. எங்கள் அளத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்தால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். கவிழ்த்த கூடையை யாரும் சும்மா நிமிர்த்த மாட்டார்கள். கோபப்படுத்திய ஆள் முதல் கூடையைச் சுமந்தால்தான் மற்றவை நிமிரும். லாரி டிரைவர் ஸ்டியரிங் மேல் தலைவைத்துப் படுத்துவிட்டிருந்தார்.

அவர்களில் மூத்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“இன்னா சார், நாங்க நாறுறோமா?”

“ஐயோ, நான் சொல்லலைங்க. இன்ஜின் சொல்லுது.”

“எந்த இன்ஜினு? நம்ம ஆயில் இன்ஜினா? அது காத்தாலேந்து ஸ்டார்ட்டே ஆவல.”

“டிவில வர்ற ரயில் இன்ஜின்மா. அதுக்கு நான் வாய்ஸ் குடுக்கறேன்.”

“ரயிலு பேசுதா?”

பின்னாலிருந்து ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள். “ஆமாக்கா, என் பொண்ணு பாக்கும். மூஞ்சி, முழி எல்லாம் இருக்கும். திமிரு புடிச்சது ஒண்ணு வரும். அது நீங்களா சார்?”

“நான்தாம்மா” என்றேன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“அதான பாத்தேன். கடைசில அது எங்கனா மாட்டிக்கினு முழிக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கூடைகள் நிமிரவில்லை. மூத்தவர் ஒரு கூடையை என் பக்கம் காலால் தள்ளினார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். உப்பை அள்ளித் தலையில் ஏற்றிவிட்டார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் கழுத்து தோளுக்குள் போய்விட்டது.

“ஏ எக்ஸ்பிரசு, இன்னாடா புகை வருது?”

“இத பெருமுக்கல் மலை மேல ஏத்தி வுடணும்டி. அப்ப தெரியும் இதோட வேகம்.”

“டேய், ஆரன் அடிடா! வழி வுடறோம்!”

நான் பலகையில் நின்று திரும்பிப் பார்த்தேன். மூத்தவர் உடனே கையைத் தூக்கினார். “இன்ஜினத்தான் சொல்றோம் சார். உங்கள இல்ல.”

முதலாளியின் தம்பியை டேய் போட்டுக் கூப்பிட இதைவிட நல்ல வசதி அவர்களுக்கு இனி வரப்போவதில்லை. அதை விடாமல் பயன்படுத்திக்கொண்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே நானும், “அற்பர்களே! தள்ளுங்கள்!” என்று முழங்கினேன். அதற்கு ஏழெட்டு வாய்கள் பதில் சொல்லின. ஒரு வழியாகக் கொட்டிவிட்டு இறங்கியபோது கூடைகள் நிமிர்ந்திருந்தன.

கிடங்குக்குள் ஓடினேன். திறந்த கதவுக்கு நேராகப் போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில், கேட்டுப் பார்க்காமல், வெட்டாமல், எல்லாவற்றையும் அப்படியே அனுப்பிவிட்டேன். வேகத்துக்காகப் பிறந்தவன் அல்லவா.

மறுநாள் முழுக்க போனோடு அலைந்தேன். பாத்ரூமுக்குக்கூட எடுத்துப்போனேன். மதியம் ஸ்டூடியோப் பெண் கூப்பிட்டாள்.

“சார், இன்ஜினுக்கு வேற ஒருத்தர பிக்ஸ் பண்ணிட்டாங்க. சின்னப் பையன். ரீல்ஸெல்லாம் பண்றாரு.”

“சரிம்மா.”

“ஆனா சார், உங்க ஆடியோல பின்னாடி சரக்கு வண்டிங்க மாதிரி கிண்டல் பண்றாங்களே, யாரு அவங்க? ஆரோவில் டிராமா ஆளுங்களா?”

“உப்பு தூக்கறவங்க.”

“மும்பைல அவங்கள ரொம்பப் புடிச்சிருக்கு சார். சரக்கு வண்டிங்களுக்கு அவங்கதான் வேணுமாம். நீங்க கூட்டிட்டு வர முடியுமா?”

“கேட்டுச் சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர்களிடம் ஸ்டூடியோவின் எண்ணும் இல்லை, அங்கே ஆளும் தெரியாது. இந்த யோசனை எனக்கு வந்ததைவிட, அது வந்த வேகம்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். “எங்கனா போறதா இருந்தா போயிட்டு வாங்க. தரை தேயுது” என்றாள்.

அளத்துக்குப் போய்ச் சொன்னேன். கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“மெட்ராசுக்கா? நாங்க இன்னா பேசறது?” என்றாள் இளம்பெண்.

“நேத்து பேசினதையே பேசினா போதும்.”

“உங்கள டேய் போடணுமா?”

“என்ன இல்ல. வேற ஒரு பையன் இருக்கான். அவன போடுங்க.”

மூத்தவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “அப்ப நீங்க?”

“எனக்கு இந்த வாட்டி இல்லைங்க.”

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். “எங்களுக்கு வழி தெரியாது. நீங்க வந்து கூட்டினு போறதா இருந்தா வர்றோம்” என்றார்.

ஸ்டூடியோவில் குறித்த நாளில் அளத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினோம். வரப்பு குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னால் போகச் சொல்லி என்னைத் தள்ளினார்கள். பஸ் போய்விடுமோ என்ற கவலையில் நான் நடையை எட்டிப் போட்டேன்.

“சார், மெதுவா!” என்று கடைசியிலிருந்து குரல் வந்தது. “பின்னாடி நாங்க இருக்கோம்ல!”

நின்றேன். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு மறுபடி நடந்தேன்.