மருமகள் இருந்த செவ்வாய் விரதம்

என் மருமகள் ஊரப்பாக்கம் பக்கம் தனியார் பள்ளியில் டீச்சர். குழந்தை வரம் வேண்டி, செவ்வாய்தோறும் தண்ணீர்கூடக் குடிக்காமல் முருகனுக்கு விரதம் இருக்கச் சொன்னவள் நான்தான். நாளெல்லாம் நின்றுகொண்டே பாடம் எடுப்பவள் என்பதை நான் நினைக்கவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாயன்று பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். நெற்றியில் ஏழு தையல். ஆஸ்பத்திரியில் உடனிருந்த டீச்சர், "செவ்வாய்க்கிழமை ஆனா பசியில இவங்க பசங்கள அடிச்சிடறாங்கம்மா. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் இவங்களுக்கு லாஸ்ட் வார்னிங் குடுத்துட்டாங்க," என்றார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று மருமகளைக் கேட்டேன்.

"விரதத்த விட்டா, அதனாலதான் குழந்தை இல்லம்பீங்க அத்தை."

சொல்லியிருப்பேன்தான். முருகன் அருளால் உயிர் தப்பினாள். வேலை நிலைக்குமா, தெரியவில்லை. இப்போது செவ்வாய் விரதத்தை நான் இருக்கிறேன். அவள் வயிறார இட்லி சாப்பிட்ட பிறகுதான் பள்ளிக்கு அனுப்புகிறேன்.