கதவடிக்கிற ஓபல்

அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரத்துக் கார் ஆலையில் ஓபல் ஸ்டிடமுக்கு வேலை, கதவை அடிப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேலை அதுதான். முன்னால் நிற்கிற ஆட்கள் வண்டியின் கூட்டில் கதவை மாட்டி அனுப்புவார்கள். மாட்டிய கதவு மூடாது. மேலே விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், கீழே தகடு தகட்டை உரசும். கீல் பக்கம் மரக்கட்டையைக் கொடுத்து, இடுப்பால் முட்டிக் கதவை வளைத்து, ரப்பர் சுத்தியலால் ஓங்கி நாலு போடு போட வேண்டும். மூடிவிட்டால் சரி. மூடாவிட்டாலும் அடுத்த வண்டி வந்து நிற்கும்.

வலப்பக்கக் கதவு ஓபலுக்கு. இடப்பக்கம் ஸெனனுக்கு. ஸெனன் போலந்துக்காரர் வீட்டுப் பிள்ளை. பீப்பாய் உடம்பு. அவளைவிடப் பத்து வயது மூத்தவன். ஓபல் கென்டக்கி மலையில், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கணவன் வெர்னலோடு பிழைக்க வடக்கே வந்தவள். அவள் சேர்ந்த முதல் வாரம் ஒருவன் பின்னால் வந்து இடுப்பைக் கிள்ளினான். அவனுடைய மறு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. ஓபல் திரும்பிப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். இரண்டு நகங்கள் கழன்று விழுந்தன. அவன் போட்ட அலறலில் பக்கத்துக் கொட்டகை ஆட்கள்கூட ஓடி வந்தார்கள்.

“இன்னைக்கு வந்த கதவுலயே அது ஒண்ணுதான்யா ஒரே அடியில மூடிச்சு!” என்று ஸெனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்று முதல் அவளைத் தங்கச்சி என்றான். தொழிற்சங்கத்தில் எல்லாரும் எல்லாரையும் அண்ணன், தங்கச்சி என்றுதான் அழைத்தார்கள். ஸெனன் வாயில் மட்டும் அது நிஜமாக ஒலித்தது.

எண்பத்தொன்றின் குளிர்காலத்தில், தங்கள் ஆலையில் செய்த வண்டி ஒன்றைப் புத்தம் புதிதாக ஓபல் வாங்கினாள். அதே ஆலையில் வேலை பார்த்த வெர்னலை ஆட்குறைப்பில் நிறுத்தியிருந்த நேரம். ஒருநாள் காலை அவனை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போகும்போது, வளைவில் அவன் பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. வெர்னல் பாதி உடம்பு வெளியே தொங்க, ஒரு கையால் இருக்கையைப் பற்றியபடி கத்தினான். ஓபல் பனியில் வண்டியைச் சறுக்கவிட்டு ஓரத்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதினாள். வெர்னலின் தோள் மூட்டு கழன்றுவிட்டது. அவன் வலியில் பனியிலே புரள, அவள் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் கொக்கியில் உட்காரவே இல்லை. விளிம்பில் ரப்பர் சுத்தியலின் கறுப்புத் தடம் இருந்தது. வலப்பக்கக் கதவு, அவள் அடிக்கிற பக்கம்.

மறுநாள் ஃபோர்மேனிடம் போனாள். “தாழ்ப்பாள் உக்காராத வண்டிய நிறுத்தணும்.”

“நிறுத்துற பொத்தான் எனக்கே கிடையாது, ஓபல். நீ அடி. அடிச்சா மூடும்.”

“என் புருஷன் ரோட்டுல தொங்கினான்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சிருக்கணும்” என்றான் அவன்.

ஓபல் சுத்தியலை அவன் தலைக்கு மேலே இருந்த கண்ணாடிச் சன்னலில் வீசினாள். தோளெல்லாம் கண்ணாடித் தூளோடு அவன் குனிந்து உட்கார்ந்தான். ஒரு வாரம் வேலையில்லாமல் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரத்தில் அவள் புது வண்டியை விற்றுத் தள்ளிவிட்டு, ஊரைவிட்டுப் போகிற ஒரு பள்ளி ஆசிரியையிடம் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினாள். சாலையில் கொட்டுகிற உப்பு அதன் சக்கர வளைவுகளைப் பிஸ்கோத்து மாதிரி அரித்திருந்தது. தகடு மெல்லிசு. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். ஆனால் கதவை ஒரு விரலால் தள்ளினால் போதும், போய்ப் பொருந்திக்கொண்டது. ஓபல் அந்த ஆசிரியையின் வாசலில் நின்று அதைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

ஜப்பான் கார்கள் விற்க விற்க ஆலையில் வேலைகள் போய்க்கொண்டிருந்த காலம். ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தியதும் போர் தொடங்கிவிட்டது. முதலில் ஆணியால் கீறினார்கள். பிறகு சக்கரங்களைக் குத்தினார்கள். ஒருநாள் முன்கண்ணாடியில் செங்கல் கிடந்தது. ஓபல் கண்ணாடித் துண்டுகளைக் கையுறையால் துடைத்துவிட்டு, காற்று முகத்தில் அறைய வீட்டுக்கு ஓட்டிப் போனாள்.

ஸெனன் செங்கல் போடுகிற ஆளில்லை. அவன் வாயால் அடித்தான்.

“தங்கச்சி, அது காரா? மீன் டப்பா. நான் மேல உக்காந்தேன்னா பள்ளம் விழுந்துரும். நம்ம வண்டி மேல மாடே உக்காரலாம்.”

“உக்காரலாம். உக்காந்த மாட்ட உள்ள வச்சுக் கதவ மூடிக் காட்டு பாப்போம்.”

“நம்ம இரும்பு இரும்புடி! அந்தத் தகரம் ஒரு குளிர்காலம் தாங்குமா?”

“அஞ்சு குளிர் தாங்கியிருக்கு. துருப் பிடிச்சும் ஓடுது. நம்மளுது பளபளன்னு நிக்குது.”

கூட்டம் சிரித்தது. ஸெனன் சிரிக்கவில்லை. அவனுடைய இரண்டு மகன்களையும் அந்த வசந்தத்தில்தான் ஆலை வெளியே தள்ளியிருந்தது. மூத்தவன் டெக்சாஸ் போய்விட்டான். இளையவன் வீட்டில் குடித்துவிட்டு அம்மாவை அடிக்கக் கை ஓங்கி, ஸெனனிடம் உதைபட்டுக் கிடந்தான். “நீ வாங்குற ஒவ்வொரு தகரமும் என் புள்ள சோத்துல மண்ணு” என்றான் ஸெனன், தாழ்ந்த குரலில். அடுத்த கதவு வந்தது. இருவரும் அடித்தார்கள்.

ஜூனில் சங்கத்து விருந்து. ஜப்பான் கார் ஒன்றை மைதானத்தில் நிறுத்தி, வந்தவர்கள் சம்மட்டியால் அடித்து நொறுக்குவதாக ஏற்பாடு. பழைய இரும்புக் கடைக்காரன் தருவதாகச் சொன்ன கார் வரவில்லை. வெயில் ஏறியது, பீர் இறங்கியது. சம்மட்டிகள் புல்லில் சும்மா கிடந்தன. யாரோ ஒருவன் ஓபல் பெயரைச் சொன்னான்.

அவள் கொல்லையில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் சத்தம் கேட்டு வந்தபோது ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் ஸெனன். தெருவில் அவனுடைய பெரிய கார், படகு மாதிரி, புது மெழுகு பூசி மின்னியது. வெர்னல் படியில் உட்கார்ந்திருந்தான். அவன் தோள் இன்னும் சரியாகவில்லை.

“சாவியக் குடு, தங்கச்சி. மைதானத்துக்கு எடுத்துட்டுப் போறோம். புதுசு வாங்க சங்கத்துல வசூல் பண்ணித் தர்றோம். நம்ம ஊர் வண்டி.”

“நம்ம ஊர் வண்டிதான் இவரக் கீழ தள்ளிச்சு.”

“மலைக்காரி கிட்ட என்ன பேச்சு? இங்கயே போடுங்கடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சம்மட்டி ஓபலுடைய காரின் முன்பக்க மூடியில் விழுந்தது. தகடு காகிதம் போலக் குழிந்து உள்ளே போனது.

ஓபல் காரின் பின்புறத்தைத் திறந்து சக்கரம் கழற்றுகிற இரும்புக் கம்பியை எடுத்தாள். எல்லாரும் பின்வாங்கினார்கள். அவள் அவர்களைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். ஸெனனுடைய காரின் விளக்கு இரண்டையும் உடைத்தாள்.

“ஏய்!”

“உன்னோடதயும் அடிப்போம், என்னோடதயும் அடிப்போம்” என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. “எது தாங்குதுன்னு இன்னைக்குப் பாத்துருவோம்யா. வா!”

கூட்டம் ஊளையிட்டது. ஸெனன் சம்மட்டியைத் தூக்கினான். அவன் அவளுடைய காரை அடித்தான், அவள் அவனுடையதை அடித்தாள். துருப்பிடித்த சக்கர வளைவு முதல் அடியிலேயே கழன்று தரையில் உருண்டது. கண்ணாடி கொட்டியது. கூரை சப்பளிந்தது. நீர்த்தொட்டி பிளந்து பச்சைத் தண்ணீர் மண்ணில் ஓடியது. அந்தப் பக்கம் ஓபலின் கம்பி கனத்த இரும்பில் பட்டுத் தெறித்து, அவள் தோள்வரை நடுங்கியது. பள்ளம்தான் விழுந்தது, உடையவில்லை. அவள் கம்பியைப் போட்டுவிட்டு, ஒருவன் கையிலிருந்து சம்மட்டியைப் பிடுங்கி, ஓட்டுநர் பக்கக் கதவில் வைத்தாள். அந்த ஊரில் ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம், ஆலையில் ஸெனன் அடிக்கிற பக்கம். மூன்றாவது அடியில் கதவு கீலிலிருந்து சரிந்து, பல்லை இளித்துக்கொண்டு தொங்கியது.

ஸெனன் அதைப் பார்த்தான். ஓடிப்போய்த் தோளால் முட்டினான். இன்னொரு முறை முட்டினான். மூடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓபல் தன் காரிடம் நடந்து, நசுங்கிப்போன கூட்டின் கதவைத் திறந்து, கையால் தள்ளினாள். உரசிக்கொண்டே போனது, ஆனால் மூடியது.

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. ஸெனன் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு வந்தான். கதவை நோக்கி வந்தானா, அவளை நோக்கி வந்தானா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கே தெரிந்ததோ என்னவோ. ஓபல் கையிலிருந்த சம்மட்டியின் பிடியைக் குறுக்கே வீசினாள். அது அவன் வலது முன்கையில் விழுந்தது. பச்சைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. ஸெனன் கத்தவில்லை, முட்டி போட்டு உட்கார்ந்தான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. அதே கணம் ஒரு பீர் பாட்டில் பறந்து வந்து ஓபலின் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்க, அவள் எதிரே வந்த எவனையோ பிடித்து வயிற்றில் குத்தினாள். வெர்னல் படியிலிருந்து எழுந்து வந்தான், ஒற்றைக் கையோடு. பாட்டில் எறிந்தவனின் காதைக் கடித்தான். சதை வாயோடு வந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் கலைந்துவிட்டது. போர்வைகள் கொல்லையில் படபடத்தன.

“ஆஸ்பத்திரி” என்றான் வெர்னல், வாயைத் துடைத்தபடி. ஓபலின் காரில் சாவியைத் திருகினான். முனகக்கூட இல்லை. ஸெனனுடைய காரில் திருகினான். விளக்கில்லாமல், கதவு தொங்க, அது உறுமிக்கொண்டு எழுந்தது.

மூவரும் அதில்தான் போனார்கள். வெர்னல் ஒற்றைக் கையால் ஓட்டினான். அவன் பக்கக் கதவு கழன்று விழாமல் இருக்க, பின்னாலிருந்து ஓபல் கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் நெற்றியில் துணியை அழுத்தினாள். பக்கத்தில் ஸெனன் கையை மடியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்திருந்தான்.

“ஓடுது பாத்தியா” என்றான்.

“கதவ யாருயா புடிச்சிருக்கா?”

“புடிச்சா என்ன? ஓடுதுல்ல?”

“மெல்லப் பேசுங்க, எனக்கு ரோடு தெரியல” என்று வெர்னல் கத்தினான்.

போலீஸ் வந்து விசாரித்தபோது ஸெனன் தான் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். ஓபல் துணிக்கம்பி முகத்தில் அடித்ததாகச் சொன்னாள். காது போனவனும் நாய் கடித்தது என்றான். அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஸெனனின் கை நேராகக் கூடவில்லை. சுத்தியலைப் பிடித்தால் விரல்கள் தாமாக விரிந்தன. அவனைத் தரை பெருக்கப் போட்டார்கள். அடுத்த ஆட்குறைப்பில், பெருக்குகிறவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். இடப்பக்கக் கதவுக்கு வந்த புது ஆளோடு ஓபல் பேசவேயில்லை.

ஒருநாள் மளிகைக் கடையில் ஸெனனின் மனைவி ஹெலினா எதிரே வந்தாள். கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓபலை அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். பீன்ஸ் டப்பாக்கள் உருண்டன. ஓபல் தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டால் அவை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஹெலினா அழுதுகொண்டே போனாள்.

அன்று சாயங்காலமே ஓபல் அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஸெனன் கதவைத் திறந்தான். அவள் கன்னத்தைப் பார்த்தான்.

“நல்லா வச்சிருக்கா” என்றான்.

“கை பலமான கைதான்.”

“வீட்டுல தினம் வாங்குறேன், எனக்குத் தெரியாதா?” ஸெனன் தெருவை எட்டிப் பார்த்தான். முகம் மாறியது. “இன்னொண்ணு வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்.”

“அதே தகரம்?”

“அதே தகரம்.”

“வெளிய போடி” என்றான் ஸெனன். குரல் தெருவுக்கே கேட்டது. “என் வீட்டு முன்னால அத நிறுத்துற தைரியம் உனக்கு! போ!”

ஓபல் படியிறங்கினாள். காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகும்போது அவன் மறுபடி வாசலுக்கு வந்து, கோணிய கையை ஆட்டிக் கத்தினான்.

“ஞாயித்துக்கிழமை வந்தா அந்தச் சனியனத் தெருமுனையில நிறுத்திட்டு வா! காபி வேணும்னா!”

ஞாயிறன்று அவள் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போனாள். ஹெலினா பேசவில்லை. ஆனால் மூன்று கோப்பை வைத்தாள்.