கொலுவுக்கு வந்த லோகோ பைலட்

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவர்கள் பொம்மைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரயிலுக்குப் போய்விடுவார்கள். படிகளுக்குப் பக்கத்தில் பாதி ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு மேசை. அதன்மேல் என் கணவர் அமைத்த ரயில் பாதை: இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், சிக்னல்கள், மஞ்சளும் பச்சையுமாக ஒரு மின்சார ரயில். நிஜ ரயிலை எண்பத்தேழு மடங்கு சின்னதாக்கினால் வரும் அளவு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மனுஷன் அவர். ஆனால் யாராவது ரயிலைப் பற்றிக் கேட்டால் முகமே மாறிவிடும்.

கேள்விகள் எல்லா வருஷமும் ஒன்றுதான். தடம் புரளாதா? ரிவர்ஸில் போகுமா? நிஜ ரயிலுக்கு மேலே ஒரே ஒரு ஒயர்தானே இருக்கிறது, கரண்ட் எப்படித் திரும்பிப் போகும்? அந்த நவராத்திரியிலும் எங்கள் வீட்டுக்காரம்மா மேசை ஓரத்தில் நின்றுகொண்டு, "இன்னா சார், இது பூரா கரண்ட்டு தானே? தொட்டா ஷாக் அடிக்காது?" என்று கேட்டார். சேலையூரில் இந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயலாக இருந்தது.

"பன்னெண்டு வோல்ட்தாங்க. தைரியமா தொடுங்க," என்றார் இவர்.

மாடியில் அப்போதுதான் ஒரு பெண் புதிதாகக் குடிவந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். லோகோ பைலட், கடற்கரை ஸ்டேஷனுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டுகிறாள். அவள் ஷிப்டுக்கும் என் கணவரின் வேலை நேரத்துக்கும் பொருந்தாததால் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. மாடிப்படியில் பார்த்து நான்தான் கூப்பிட்டிருந்தேன். இவருக்கு ஒரு நிஜ டிரைவரைக் காட்டி அசத்த வேண்டும் என்று எனக்குள் சின்ன ஆசை.

அவள் உள்ளே வந்தபோது, என்னோடு பள்ளியில் வேலை செய்யும் கணக்கு டீச்சர், "நிஜ ரயில்ல பிரேக் போட்டா எவ்ளோ தூரத்துல நிக்கும் சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது ஸ்பீடைப் பொறுத்தது மேடம். நம்ம பைக் மாதிரி டக்குன்னு நிக்காது. சில நூறு மீட்டர் ஓடித்தான் நிக்கும்," என்று சொல்லியபடி இவர் குனிந்து ஒரு பெட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அதை இவங்ககிட்டயே கேளுங்க. மாடி வீட்டுக்கு வந்திருக்காங்க. ரயில் ஓட்டுறாங்க," என்றேன்.

இவர் குனிந்தபடியே முகத்தை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தார்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். இட்டுக்கொள்ள நான் கையில் கொடுத்திருந்த குங்குமச் சிமிழ் கீழே விழுந்தது.

"சார்... நீங்க உயிரோடயா இருக்கீங்க?"

ஏதோ வேடிக்கை என்று எல்லோரும் சிரித்துவிட்டோம். "இன்னாம்மா இப்டி கேக்குற? குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே!" என்றார் வீட்டுக்காரம்மா. நானும்தான் சிரித்தேன். ஆனால் அவள் இவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்தேன்.

"ஆடி மாசம் அக்கா. காலையில. சானடோரியம் ஸ்டேஷன் விட்டு தாம்பரம் வந்துக்கிட்டிருக்கேன். ஒருத்தர் குறுக்க வந்தாரு. ஹார்ன் அடிச்சேன், எமர்ஜென்சி பிரேக் போட்டேன். வண்டி நிக்கலை. நடுவுல கால் தடுக்கிக் குனிஞ்சவரு, மூஞ்சியைத் தூக்கி என்னைப் பார்த்தாரு. அப்புறம் வண்டி முன்கண்ணாடிக்குக் கீழ போயிட்டாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது." மூச்சு வாங்கினாள். "வண்டி நின்னதும் கடைசிப் பெட்டியில இருந்த கார்டும் நானும் இறங்கித் தேடினோம். ஆள் இல்லை. ஒரு டிபன் பைதான் கிடந்துச்சு. பச்சைத் துணிப் பை. கல்லு மேல எல்லாம் எலுமிச்சை சாதம்."

அந்தப் பை என்னுடையது. கம்பெனி பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன் என்று ஆடி மாதம் ஒரு நாள் வந்து சொன்னார். அன்றைக்கு முட்டியில் பெரிய சிராய்ப்பு. பஸ் படியில் வழுக்கிவிட்டது என்றார். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டவள் நான். புதுப் பை போனதற்காகச் சண்டை போட்டவளும் நான்தான்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஷாக் அடிக்குமா என்று கேட்ட வீட்டுக்காரம்மாதான் போய் ஸ்விட்சை அணைத்தார்.

சுண்டல்கூட வாங்காமல் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அவளும் மாடிக்குப் போய்விட்டாள்.

"சொல்லுங்க," என்றேன்.

"ஷேர் ஆட்டோ லேட். நடைபாலம் ஏறி இறங்கினா ஜி.எஸ்.டி. ரோட்டுல கம்பெனி பஸ் போயிடும். தண்டவாளத்து ஓரச் சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு, எல்லாரும் அது வழியாத்தான் போவாங்க. ரயில் தூரத்துல இருந்த மாதிரிதான் இருந்துச்சு. எப்படியோ அந்தப் பக்கம் உருண்டு விழுந்து, எழுந்து ஓடிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பயந்துடுவன்னு."

ஆடி மாதம் அன்று காலை நான் சாதம் கட்டிக் கொடுத்தேன், பள்ளிக்குப் போனேன், பாடம் நடத்தினேன், பிள்ளைகளோடு சிரித்தேன். அந்த நேரத்தில் நான் விதவையாகியிருக்க வேண்டியது. எனக்குத் தெரியவே தெரியாது. பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

மறுநாள் அவரே மாடிக்குப் போனார். நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தவளிடம் கை கூப்பி, "மன்னிச்சிடும்மா," என்றார்.

"திட்டணும்னெல்லாம் இல்ல சார்," என்றாள் அவள். "தப்பிச்சிருப்பாருன்னு கார்டு எவ்வளவோ சொன்னாரு. எனக்கு நம்பிக்கை வரலை. எங்கயாவது போய் விழுந்திருந்தா? கண்ணை மூடினா உங்க மூஞ்சிதான். நேத்து வேட்டி கட்டிக்கிட்டு அதே மாதிரி நிமிர்ந்து பார்த்தீங்களா, பேய்னே நினைச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. இவரும் அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு பாலத்தில்தான் போகிறார். ஏறி நின்று எனக்கு போட்டோ அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அனுப்புகிறார். மாடி வீட்டுப் பெண் வாரத்தில் ஒரு நாளாவது எங்களோடு சாப்பிடுகிறாள்.

அந்தச் சுவர் ஓட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை தனியாகப் போனேன். ஆபீஸ் பையோடு ஆண்கள், சீருடைப் பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி என்று ஆட்கள் தெருவைக் கடப்பதுபோலத் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். எவரும் இரண்டு பக்கமும் பார்ப்பதாகக்கூடத் தெரியவில்லை.

"என்ன டீச்சர், இந்தப் பக்கம்?" என்று ஒரு குரல். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. கேட்டுக்கொண்டே ஓட்டைக்குள் காலை வைத்தாள். வலது பக்கம் ரயிலின் மஞ்சள் முகம் தெரிந்தது. அவ்வளவு பெரிய வண்டி, சத்தமே இல்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். மறுகணம் ஹார்ன் காதைக் கிழிக்க, பெட்டி பெட்டியாக எங்கள் முன்னால் ஓடியது. காற்று முகத்தில் அறைந்தது.

கடைசிப் பெட்டி போனதும் அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். "ரொம்ப பயப்படுறீங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு, கடந்து போய்விட்டாள்.