வராந்தாவில் போட்ட கணக்கு

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று எங்கள் லால்பேட்டை வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை, இரண்டு நாடுகளுக்கு இடையே நடப்பதுபோல் இழுத்தது. இரண்டு நாடுகள்தான், அத்தா, அதாவது என் அப்பா, குவைத்தில் இருந்தார். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து, பல்கலைக்கழகத்தில் வைத்துப் பாடம் நடத்தும் முகாம் அது. எனக்கு இடம் கிடைத்திருந்தது. லீவில் எதற்குப் படிப்பு என்றார் அத்தா. நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அம்மாவின் தம்பியான மாமா தினமும் கூடப் போய்க் கூட்டிவர வேண்டும். சாயங்காலம் போனில் மாமாவிடம் விசாரிப்பார். ஒரு குறை வந்தாலும் முகாம் அன்றோடு சரி. பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவும் கிடையாது.

அந்த வருடம் மே மாத வெயிலும் ரமலானும் ஒன்றாக வந்தன. மாமா செருப்புக்கடையை ஆள்மேல் போட்டுவிட்டு, நோன்போடு என்னுடன் பஸ் ஏறினார். நான் வகுப்புக்குள் போனதும் எதிரில் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

முதல் நாளே பேராசிரியை ஒரு கணக்குக் கொடுத்தார். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து நாற்காலி, எல்லாவற்றிலும் ஆட்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் எழுந்து, பக்கத்திலோ முன்னாலோ பின்னாலோ இருக்கும் அடுத்த நாற்காலிக்கு மாற வேண்டும். யாரும் நிற்கக் கூடாது. முடியுமா? முடியாதென்றால் ஏன்?

மறுநாள் திருப்பாதிரிப்புலியூர்ப் பையன் ஒருவன் விடை கண்டுபிடித்துவிட்டான். அதைப் போர்டில் போட்டுக் காட்டி, மேலே நடத்தப்போவதாகச் சொன்னார் பேராசிரியை. தானே போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் வெளியே போகலாம், ஆனால் பாடம் விட்டுப்போகும் என்றும் சொன்னார். நான் ஒருத்திதான் எழுந்தேன். அடுத்தவன் கண்டுபிடித்ததைக் காப்பியடித்து எழுத எனக்கு வராது. அது நல்ல குணமா திமிரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு தினமும் மதிய வகுப்பில் அந்த விடையை வைத்தே பாடம் நடந்தது. தினமும் நான் வராந்தாவில் நின்றேன். நாக்கு வறண்டு, காகிதம் காகிதமாகக் கட்டம் போட்டு அடித்தேன். மரத்தடியிலிருந்து மாமா பார்த்துக்கொண்டிருப்பார். நான் வெளியே நின்ற முதல் நாள் எழுந்து பாதி தூரம் வந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய்விட்டார்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெயில் ஜாஸ்தியா இருக்கே. காலு வலிக்குதா?"

"இல்ல மாமா. நாளைக்கும் நிப்பேன்."

நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடிப்பதற்குள் குவைத்திலிருந்து போன் வந்துவிடும். "அதெல்லாம் நல்லா படிக்குது மச்சான். டீச்சரம்மாவுக்கு இவள ரொம்பப் புடிச்சிப்போச்சி," என்பார் மாமா. இவருக்காவது என் அருமை புரிகிறதே என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் காலை, லேடீஸ் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகளைக் கண்டக்டர் திட்டி எழுப்பினார். மதியம் வராந்தாவில் நிற்கும்போது அது ஞாபகம் வந்து சிரித்தேன். சிரித்த வாக்கில் விடை வந்துவிட்டது. என் கணக்கு நாற்காலிகளில் ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், பதின்மூன்று ஆண், பன்னிரண்டு பெண். நகரும்போது ஒவ்வொரு ஆணும் ஒரு பெண்ணின் இடத்துக்குத்தான் போயாக வேண்டும். பதின்மூன்று பேருக்குப் பன்னிரண்டு இடம். ஒருத்தன் நின்றே தீர வேண்டும்.

கதவைத் தட்டி உள்ளே ஓடினேன். பேராசிரியை சாக்பீஸை என் கையில் கொடுத்தார். நான் முடித்ததும் வகுப்பே கை தட்டியது. ஜன்னல் வழியே பார்த்தால், மரத்தடியில் மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆணையும் பெண்ணையும் மாற்றி மாற்றி உட்கார வைத்த விடையை எங்கள் வீட்டில் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

போன வருடம் எனக்குக் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அதற்கு வீட்டில் வைத்த விருந்தில், பிரியாணி சாப்பிட்ட கையோடு மாமா என் அக்காவின் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒங்க சின்னம்மாவ டீச்சரம்மா தெனம் வெளிய நிக்க வெச்சாங்க. ஒரு கணக்கும் ஏறல போலருக்கு, பாவம். வெளிய சொன்னா அவுங்க அத்தா நிறுத்திடுவாரே. அது நாளைக்கும் நிப்பேங்குது, நான் என்ன பண்றது? நோன்பு மாசத்துல தெனம் மச்சான்கிட்ட பொய் சொன்னேன். ஒரு வழியா ஒரு நாளு உள்ள சேத்துக்கிட்டாங்க. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சி."

வகுப்பிலேயே மக்குப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் அத்தனை நாளும் என்னை விடியற்காலையில் எழுப்பி பஸ் ஏற்றியிருக்கிறார். அந்தக் கோடையில் பிடிவாதமாக நின்றது நான் மட்டும்தான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.