நிரையில் ஏறி இறங்கிய சிப்பாய்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே வாசம்தான்: அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும் ஈரச் சாக்கு புகையில் காய்கிற வாசம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அந்தச் சாக்கை அம்மா ‘படங்கு’ என்பாள். அதன் கீழே உட்கார்ந்துதான் நான் சதுரங்கம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதே கொஞ்சம் அதிகப்படிதான்.

ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த ‘லயம்’ எங்களுடையது. கூடலூர்ச் சந்தையில் அப்பா வாங்கிவந்த பிளாஸ்டிக் காய்களை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. யானை நேராகப் போகும், குதிரை தாவும், ராஜாவுக்கு ‘செக்’ வைக்க வேண்டும் என்கிற அளவுக்கு, பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகள் ஆடியதை எட்டிப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தோம். சிப்பாய் முன்னால் மட்டுமே நகரும் என்பதும் தெரியும். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் அதற்குமேல் என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. ஆனால் எங்களுக்கு அதில் பெரிய சந்தேகம் எதுவும் வரவில்லை. கதவைத் திறந்தால் எதிர்ச் சரிவில் எங்கள் அம்மாமார் ஆளுக்கொரு செடி வரிசையாக ‘நிரை’ பிடித்துக் கொழுந்து எடுத்தபடி மேலே ஏறுவார்கள்; உச்சியைத் தொட்டதும் பக்கத்து நிரையில் திரும்பிக் கீழே இறங்குவார்கள். எங்கள் சிப்பாயும் அப்படியே பக்கத்து வரிசையில் திரும்பி இறங்கியது. எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று குழம்பாமலிருக்க, திரும்பியதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினோம். இப்படி ஆடினால் பொழுது சாய்கிற வரை ஓர் ஆட்டம் முடியாது.

முடியாமலிருப்பதுதான் வீட்டிலும் வசதியாக இருந்தது. பெருமழை என்றால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். “லீவு ஒங்களுக்குத்தான், கொழுந்துக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு அம்மா கிளம்புவாள். லயத்துக்கும் சரிவுக்கும் நடுவே ஓர் ஓடை. மழையில் அது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் எல்லாத் தாய்மாருக்கும் இருந்ததால், பிள்ளைகளையெல்லாம் எங்கள் வீட்டில் கூட்டி உட்காரவைத்து, “ஆட்டம் முடியுற வரைக்கும் ஒருத்தரும் வாசப்படி எறங்கக் கூடாது” என்று அம்மா கட்டளை போட்டிருந்தாள். எங்களில் மிகச் சின்னவளான பக்கத்து வீட்டுத் தேவிகூட அதை மீறியதில்லை.

ஒரு மழைக்கு அருவங்காட்டிலிருந்து மாமா மகள் மீனா வந்திருந்தாள். என் வயதுதான், தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள், பேச்சு முழுக்கக் கோயமுத்தூர்ப் பேச்சு. கழுத்தில் நூலோடு இறங்கி வந்த சிப்பாயைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏம் புள்ள, சிப்பாய் எங்காச்சும் திரும்பி நடக்குமா? கடசிக் கட்டத்துக்குப் போனா அது ராணி ஆயிரும். எங்க ஊட்டுப் பக்கமெல்லாம் அப்படித்தான்.”

நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பிய பிறகு எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பக்கமும் ராணிகள் முளைத்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு முன்பே என் ராஜா மாட்டிக்கொண்டது. மீனா காய்களை அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள். நாங்கள் ராணிகளைப் பற்றியே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததில், தேவி எழுந்து போனதை யாரும் பார்க்கவில்லை.

பார்த்தபோது வாசலில் அவள் செருப்பு இல்லை. மழையில் கத்திக்கொண்டே ஓடினோம். ஓடையின் மேல் கிடந்த மரப்பாலம் தண்ணீருக்குள் போயிருந்தது. இக்கரையில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தாள் தேவி. ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக இறங்கி, அவளை மேலே இழுத்துப் போட்டோம். அதற்குள் கூச்சல் கேட்டு அக்கரைக்கு ஓடி வந்துவிட்ட அவள் அம்மா, கடக்க முடியாமல் கூடையோடு நின்று, “ஏண்டி எறங்குன, ஏண்டி?” என்று அலறினாள்.

“ஆட்டம் முடிஞ்சிருச்சும்மா. ஒன்னக் கூட்டிட்டுப் போக வந்தேன்” என்றாள் தேவி.

அன்றைக்கு யாரும் அவளை அடிக்கவில்லை. மறுநாளும் மழை, மறுநாளும் லீவு. டப்பாவைத் திறந்ததும் சிவப்பு நூலைத் தேடி எடுத்தது மீனாதான். “உங்க ஊட்டு ரூலே இருக்கட்டும் புள்ள” என்றாள், சிரிக்காமல்.

அந்த லயத்தில் இப்போது குடியிருப்பு இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். சரிவில் பாதி உன்னிச்செடி மண்டிக் கிடக்கிறது. கடைசி வரை என்னோடு கோவையில் இருந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் சதுரங்கம் ஆடுகிறேன். சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் அதுவே ராணியாகிவிடுகிறது. ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. முடிந்தால் முடியட்டும். மழையில் நனைந்துகொண்டு வீடு திரும்ப எனக்கு இனி யாரும் இல்லை.