திரை எடுத்த கண்ணாடி

ரொசாரியோ நகரில் எங்கள் யூத ஜெப ஆலயத்தைப் புதுப்பித்தபோது எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தவள் பெர்லா ஃபைன்சில்பர். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெள்ளி மாலை தொடங்கும் எங்கள் ஓய்வுநாளில் விளக்கைப் போடுவதோ அணைப்பதோ கூடாது; யாராவது பொத்தானைத் தொட்டால் வாரம் முழுக்கத் திட்டுவாள்.

ஆலயத்தின் தெருப்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. அறுபதுகளில் கட்டியவர் அப்படித்தான் வரைந்திருந்தார். பிறகு மிரட்டல் கடிதங்கள் வரவே, பயந்துபோய்த் தடித்த திரை போட்டோம். அதைக் கழற்றியே ஆகவேண்டும் என்றாள் பெர்லா.

"நாம ஜெபிக்கிறத தெரு பாக்கணும்னுதானே அந்த மனுஷன் கட்டினாரு? திருடனாட்டம் ஒளிஞ்சுக்கணுமா?"

"தெருவுல யார் யாரோ போவாங்களே" என்றேன்.

"உன் மூஞ்சியப் பாக்க எவன்ப்பா வரப்போறான்!"

திரை போனது.

திறப்பு நாள் வெள்ளிக்கிழமை, நல்ல குளிர். இருட்டியதும் கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன, தெரு தெரியவில்லை. வெளியே நிற்பவனுக்கு நாங்கள் அத்தனை பேரும் தெரிவோம். பகலிலேயே வேலை பார்த்த எங்களுக்கு இது உறைக்கவே இல்லை.

ஜெபத்தின் நடுவே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மெதுவாக, மறுபடியும். பாட்டு நின்றது. விளக்கை அணைத்தால்தான் வெளியே யாரென்று தெரியும். ஓய்வுநாள் தொடங்கிவிட்டதே, யார் அணைப்பது?

பெர்லா எழுந்துபோய் அணைத்தாள்.

தெருவில் ஆளில்லை. அவள் இருக்கைக்கு நேராக, கண்ணாடியின் வெளிப்பக்கம், யாரோ விட்ட மூச்சின் ஆவி மறைந்துகொண்டிருந்தது.

"அதான் அணைச்சாச்சே, திரும்பப் போட்டுடு பெர்லா" என்றேன்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "நாம தெரிவோம்."