நாற்பத்தெட்டுக் கால்களும் ஒரு கீபோர்டும்

எங்கள் சித்தப்பா சால்டரிங் இரும்பைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. மேசையில் இருக்கும் சிப் என் கட்டைவிரல் நகத்தளவுதான். அதைச் சுற்றி நாற்பத்தெட்டுக் கால்கள், ஒவ்வொன்றும் மயிரிழை. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து ஒவ்வொரு காலுக்கும் ஈயம் வைக்க வேண்டும். பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்டால் போச்சு.

"சிப்புக்குக் காத்து ஆகாதாம்லா. நாம வேர்த்துச் சாவோம்" என்று அப்பா பனியனைக் கழற்றி விசிறிக்கொள்வார்.

அந்த முறை பழுதாகி வந்திருந்தது மாதா கோயில் கீபோர்டு. கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் அடியை எட்டு வயது நான் தனியாகப் பாட வேண்டும். கீபோர்டு இல்லாத ஒத்திகையில் என் சுருதி கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. புது சிப் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்து, திங்கட்கிழமையே சித்தப்பா வைத்துவிட்டார். பாட்டு டீச்சர் தினமும் மாலை அக்கரை பேம்பூபிளாட்டிலிருந்து படகேறி, சாத்தம் துறையில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்து கேட்பார். தினமும் ஒரே பதில்தான்.

"ஹோ கயா, முடிஞ்சாச்சு டீச்சர். ஒரே ஒரு கால்தான் மக்கர் பண்ணுது. கல் பக்கா."

நாளைக்கு நிச்சயம் என்பதை இந்தியில் சொன்னால் கூடுதலாக நம்புவார்கள் என்று சித்தப்பாவுக்கு ஒரு நினைப்பு. டீச்சரும் நம்பினார். டீ குடித்து, பூதக்கண்ணாடியில் கால்களை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்குப் போவார்.

வியாழக்கிழமை பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. வாசலிலேயே என் பாட்டு கேட்டது. சித்தப்பா ஒற்றை விரலால் கீபோர்டை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டைகூடப் பழுதில்லை! அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார், கீபோர்டை அணைத்துத் திறந்தார், இரும்பைச் சுடவைத்து இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு துளி ஈயம் விட்டார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

அன்று மாலை டீச்சர் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போட்டு உடைத்துவிட்டேன்.

"டீச்சர், எல்லாம் பொய்! கீபோர்டு நல்லாத்தான் இருந்துச்சு. இவரே இப்போ ரெண்டு காலை ஒட்டிக் கெடுத்து வச்சாரு!"

"ஏட்டி..." என்றார் சித்தப்பா. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எங்களைத் திட்டுகிற மாதிரி டீச்சர் இப்போது கிழிக்கப்போகிறார் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

"எந்த ரெண்டு கால்?"

சித்தப்பா விரலால் காட்டினார்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க" என்றார் டீச்சர். "திருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி குடுங்க, போதும். அதுவரைக்கும் நான் தினமும் வந்து பாத்துக்கிடுறேன்."

அடுக்களையில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பொய் சொன்னவருக்கு டீயோடு முறுக்கும் வந்தது. உண்மை சொன்ன என்னைக் கடைக்குப் போகச் சொன்னார்கள். சரியாகிவிட்ட கீபோர்டை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறாரே, இந்த டீச்சருக்குப் பாட்டு மேல் ஆசையே கிடையாது என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன்.